எந்த மாடல் என்று எழுதாதீர்கள்: காட்சித் தொடர்பியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவையிலும் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் காட்சித் தொடர்பியல், புகைப்படக்கலைப் படிப்புகளை நடத்தும் துறைத் தலைவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வீட்டுப் பேச்சு தமிழில் இருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் பள்ளிப் படிப்பைத் தமிழில் முடித்துவிட்டு வேலந்தாவளம் வழியாகவோ கோபாலபுரம் வழியாகவோ எல்லை தாண்டி உங்களிடம் படிக்க வருகிறார்கள். 2019-இல் அப்படி வந்தவள் நான். மூன்று ஆண்டு படித்தேன். இப்போது கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் படம் எடுப்பதுதான் என் தொழில். படித்த கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே எனக்கு நல்ல ஆசிரியர்கள் கிடைத்தார்கள், அவர்கள் கற்றுத் தந்ததை வைத்துத்தான் இன்று சாப்பிடுகிறேன். நான் சொல்ல வந்தது பல கல்லூரிகளில் நடப்பது.

இடம் கிடைத்தது உறுதியானதும் ஒரு தாள் தருவீர்கள். கட்டண விவரம், விடுதி விதிகள், அதற்குக் கீழே கேமரா. எனக்குத் தந்த தாளில் ஒரு மாடலின் பெயர் போட்டு, அது அல்லது அதற்கு மேற்பட்டது, இரண்டு லென்ஸ்களோடு, முதல் பருவம் தொடங்குமுன் வாங்கியிருக்க வேண்டும் என்று இருந்தது. ‘புதியது’ என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தார்கள்.

அப்பாவுக்கு முதலமடை மாந்தோப்புகளில் வேலை. அங்கே சீசன் தையில் தொடங்கி வைகாசியோடு அடங்கிவிடும். கல்லூரிச் சேர்க்கை வருவது சரியாக அந்த வேலை நின்றுபோகும் மாதத்தில். அம்மா அந்தத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “இது இல்லாட்டி சேத்துக்க மாட்டாங்களா கண்ணு?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில், அதாவது எங்கள் ஊர்ப் பெண்களின் சுயஉதவிக் குழுவில், அம்மா கடன் எடுத்தார், போதாததற்குத் தோட்டை அடகு வைத்தார். கேமரா, இரண்டு லென்ஸ், பை, மெமரி கார்டு, ஒரு லேசான ட்ரைபாட் எல்லாம் சேர்ந்து அறுபதாயிரத்தைத் தாண்டியது. அதில் 18 விழுக்காடு வரி. 2018 முடியும் வரை டிஜிட்டல் கேமராவுக்கு 28 விழுக்காடாக இருந்து, 2019 ஜனவரி முதல் தேதியில்தான் 18 ஆனது. குறைந்த பிறகும் அறுபதாயிரத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேல் வரியாகவே போயிற்று. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பழைய 50 எம்எம் லென்ஸ் கிடைத்திருக்கும்.

நான் வாங்கியது கேனன் 200டி, இரண்டாம் பதிப்பு. அந்த ஆண்டுதான் சந்தைக்கு வந்திருந்தது. நல்ல கேமராதான். கைக்கு அடக்கம், திரை எந்தப் பக்கமும் திரும்பும், முகத்தைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும். முதல் பருவம் சிக்கலில்லாமல் போயிற்று. இரண்டாம் பருவத்தில் ஸ்டூடியோ விளக்குப் பாடம் வந்தது. ஷட்டர் விழும்போது விளக்கை எரியவைக்கும் கருவிதான் ட்ரிகர். துறையில் இருந்தவை எல்லா கேமராவுக்கும் பொதுவான சாதாரண ட்ரிகர்கள். ஒவ்வொருவராகப் போய், கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவில் மாட்டி எடுத்தோம். என் முறை வந்தது. ஷட்டர் விழுகிறது, விளக்கு எரியவில்லை. படம் கறுப்பு. பேட்டரி மாற்றினோம், சேனல் மாற்றினோம், ஷட்டர் வேகத்தைக் குறைத்தோம். “மெனுவில் எதையோ மாற்றி வைத்திருக்கிறாய்” என்றார் ஆசிரியர். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று இரவு வீட்டில் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன், நான் என்ன தவறு செய்தேன் என்று.

நான் தவறு எதுவும் செய்யவில்லை. ஹாட் ஷூவின் நடுவில் ஒரு உலோகப் புள்ளி இருக்கும். சாதாரண ட்ரிகரும் பழைய ஃப்ளாஷும் அந்தப் புள்ளி வழியாகத்தான் ‘இப்போது எரி’ என்ற சேதியை வாங்கிக்கொள்கின்றன. அந்த மாடலில் அந்தப் புள்ளியையே எடுத்துவிட்டார்கள். விலை குறைந்த 3000டி-யிலும் அது இல்லை. கேனனுக்கென்றே செய்த, விலை கூடிய ட்ரிகர்கள் சிலவற்றை வைத்துச் சமாளிக்கலாம். அது எங்கள் துறையில் இல்லை. ஆக, துறையே எழுதிக் கொடுத்த கேமரா துறையின் விளக்கோடு பேசாத கேமரா. மாடல் பெயரை எழுதியவர் ஹாட் ஷூவைப் பார்த்திருக்க மாட்டார். பெட்டியில் இருக்கும் மெகாபிக்சலையும் விலையையும் பார்த்திருப்பார். அவரைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. ஆனால் மாடலை எழுதிவிட்டால் அதன் குறைகளுக்கும் எழுதியவர்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்பு என் அம்மாவின் தோட்டின் மேல் விழுந்தது என்பதுதான் இத்தனை நாள் ஆகியும் என் மனதை விட்டுப் போகவில்லை.

அந்த மாதம் முழுக்க ஸ்டூடியோ வேலையை ஒரு நண்பனின் கேமராவை இரவல் வாங்கித்தான் முடித்தேன். அவனும் எங்கள் பக்கத்துப் பையன். அவன் மாமா ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர், பழைய நிக்கான் டி90 ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார். 2008-இல் வந்த கேமரா. பிடியில் ரப்பர் வழுவழுத்துப் போயிருந்தது. முதல் நாளே ‘பழையது’ என்று அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள், அடுத்த பருவத்துக்குள் புதிது வாங்கிவிடுவதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த டி90-ஐக் கையில் எடுத்த பிறகுதான் எனக்குப் பாடமே பிடிபட்டது. அதில் இரண்டு சக்கரங்கள். கட்டைவிரலுக்கு ஷட்டர் வேகம், ஆட்காட்டி விரலுக்கு அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு. என் கேமராவில் ஒரே சக்கரம், அப்பெர்ச்சரை மாற்ற வேறொரு வழியில் சுற்றிப் போக வேண்டும். கற்றுக்கொள்ளும் கைக்கு இந்த வித்தியாசம் பெரிது. யோசிக்காமல் விரல் போகிற இடத்தில் கட்டுப்பாடு இருந்தால்தான் கண் வெளிச்சத்தைப் பார்க்கும்.

டி90-இல் இன்னொன்றும் உண்டு. ஃபோகஸ் மோட்டார் அதன் உடம்பிலேயே இருக்கிறது. அதனால் அவன் மாமாவின் பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸ் அதில் தானாக ஃபோகஸ் ஆகும். அதே லென்ஸை டி3500, டி5600 போன்ற புதிய பாடிகளில் மாட்டினால் கையால்தான் திருக வேண்டும், ஏனென்றால் அந்த வரிசைகளில் மோட்டார் இல்லை. வீட்டில் மாமாவிடமோ சித்தப்பாவிடமோ பழைய லென்ஸ் இருக்கிற பையனுக்கு எந்த பாடி பொருந்தும் என்பது அந்த லென்ஸைப் பொறுத்தது. எல்லாருக்கும் ஒரே மாடல் எழுதும் தாளுக்கு இது எப்படித் தெரியும்?

அவன் கேமராவில் 12 மெகாபிக்சல்தான், என்னுடையதில் 24. கண்காட்சிக்கு 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டோம். அந்த அளவுக்கு டி90-இன் கோப்பில் அங்குலத்துக்கு 230 புள்ளிகளுக்கு மேல் வரும், சுவரில் மாட்டிப் பார்க்கிற படத்துக்குத் தாராளம். சித்தூர் பகவதி கோயில் கொங்கன் படைத் திருவிழாவின் இரவில் அவன் அந்த 50-ஐ வைத்து எடுத்த முகங்கள் அங்கே தொங்கின. பக்கத்தில் நின்று நானும் எடுத்தேன், கேமராவோடு வந்த கிட் லென்ஸில். 50 எம்எம்மில் கிட் லென்ஸ் திறக்கும் அளவு எஃப் 5.6-ஐ ஒட்டித்தான். அவனுடையது 1.8. இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. கணக்குப் போட்டால் அவன் லென்ஸுக்குள் என்னுடையதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் போகிறது. நான் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான கேமராவின் உணர்திறனை, ஏற்றி ஏற்றிப் படத்தைப் புள்ளி புள்ளியாக்கினேன். என்னுடைய இரண்டாவது லென்ஸ், தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுக்கும் 55-250, பையிலேயே இருந்தது. மூன்றாம் ஆண்டு இறுதித் தொகுப்புக்குத் தேர்ந்த முப்பது படங்களில் அந்த லென்ஸில் எடுத்தது ஒன்றுகூட இல்லை. காட்டுயிர் எடுக்கப் போகிறவருக்கு அது வேண்டும், சரி. முதல் பருவத்தில் அந்த வகுப்பில் இருந்த எல்லாருக்கும் எதற்கு?

அப்புறம் 2020 மார்ச் வந்தது. கல்லூரி மூடினார்கள், வாளையாறில் பாஸ் இல்லாமல் எல்லை கடக்க முடியாது என்றானது. மாந்தோப்பிலும் வேலை சுருங்கியது. கேமராவுக்கு எடுத்த கடன் மட்டும் நிற்கவில்லை. அந்த மாதங்களில் பனங்காட்டையும் அப்பாவின் கைகளையும் ஓட்டு வீட்டுக்குள் விழும் வெயிலையும் எடுத்து எடுத்துத்தான் நான் உருப்படியாகக் கற்றேன். அதற்கு அந்த அறுபதாயிரம் தேவைப்படவில்லை. வெளிச்சமும் நேரமும் திருப்பித் திருப்பி எடுத்த பொறுமையும் போதுமாக இருந்தன.

உங்கள் வகுப்பிலேயே நீங்கள் சொல்லியிருப்பீர்கள், மா. கிருஷ்ணனைப் பற்றி. 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், நம் காடுகளின் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். ஒன்றின் பாடியும் இன்னொன்றின் லென்ஸுமாக அவரே இணைத்துக்கொண்ட கேமரா அவருடையது. அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருக்கு எந்த விலங்கு எங்கே வரும், எந்த வெளிச்சத்தில் நிற்கும் என்று தெரிந்திருந்தது. அவர் பெயரைப் பாடத்தில் சொல்லிவிட்டு, சேர்க்கைத் தாளில் ‘புதியது’ என்பதற்கு அடிக்கோடு போடுவது எனக்குப் பொருந்தவில்லை.

உங்கள் தரப்பு நியாயத்தையும் நான் கேட்டிருக்கிறேன். எல்லாரிடமும் ஒரே மாடல் இருந்தால் பாடம் நடத்துவது எளிது, ‘மெனுவில் மூன்றாவது பக்கம் போங்கள்’ என்று ஒரே குரலில் சொல்லலாம். பழைய கேமரா நடுப்பருவத்தில் பழுதாகிவிட்டால் பிள்ளை தவிக்கும். வேலைக்குப் போகிற இடத்தில் புதிய கேமராதான் இருக்கும். முதல் இரண்டும் உண்மையான சிரமங்கள். மூன்றாவதை, தொழிலில் இருக்கிறவளாகச் சொல்கிறேன்: வேலைக்குப் போன இடத்தில் அவர்களுடைய கேமராவைத்தான் கையில் கொடுத்தார்கள். அதைப் பழக எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. வெளிச்சத்தைப் பழக மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

கடந்த சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் பக்கத்திலிருந்து படிக்கப் போகும் பிள்ளைகளோடு பழைய கேமரா பார்க்கக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் போய் வருகிறேன். டி90, கேனன் 600டி, 700டி போன்றவை. ஒரு 50 எம்எம் லென்ஸும் சேர்த்து இருபதாயிரத்துக்குள் பலமுறை முடித்திருக்கிறோம். இதில் கவனம் வேண்டியது உண்மை, அந்தக் கவனத்தையே பாடமாக்கலாம். லென்ஸின் இரு பக்க மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்துச் சாய்த்துப் பார்ப்போம். ஃபங்கஸ் என்ற பூசணம் இருந்தால் சிலந்தி நூல் போலத் தெரியும். தூசி ஓரிரண்டு இருந்தால் பரவாயில்லை, நூல் ஓடியிருந்தால் எத்தனை மலிவானாலும் வேண்டாம். வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் உள்ள அழுக்கு கரும்புள்ளியாக வரும். துடைத்தால் போகும் புள்ளியா கீறலா என்று கடைக்காரரையே துடைத்துக் காட்டச் சொல்வோம். நிக்கான் என்றால் எடுத்த படத்தின் கோப்பிலேயே இதுவரை எத்தனை முறை ஷட்டர் விழுந்தது என்ற எண் பதிந்திருக்கும். டி90-க்கு நிக்கான் சோதித்துச் சொன்ன ஆயுள் ஒரு லட்சம். கல்யாண வீட்டில் ஓடின கேமரா அதைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம், வீட்டு அலமாரியில் தூங்கினது பத்தாயிரத்தைக்கூடத் தொட்டிருக்காது. கேனனில் அந்த எண்ணை எடுப்பது அவ்வளவு எளிதல்ல, அதனால் பிடியின் தேய்மானத்தையும் ஹாட் ஷூவின் கீறல்களையும் பார்த்து ஊகிக்கிறோம். பேட்டரி உப்பியிருக்கிறதா, கார்டு போடும் இடத்தில் ஊசிகள் வளையாமல் இருக்கின்றனவா, பில் இருக்கிறதா, பில்லில் உள்ள சீரியல் எண்ணும் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா. இவ்வளவையும் பார்க்க அரை மணி நேரம் போதும்.

வாங்கின பிறகு காப்பாற்றுவதும் இருக்கிறது. எங்கள் சித்தூர்ப் பக்கம் கேரளத்தின் மற்ற இடங்களைவிட மழை குறைவு, ஆனாலும் ஆனி ஆடியில் கேமராவைப் பைக்குள் பூட்டி வைத்தால் ஃபங்கஸ் வந்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல், இவ்வளவு போதும். நீலமாக இருக்கும் மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகிவிட்டால் மாற்ற வேண்டும். அதே மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. உங்கள் பட்டியலில் இருந்த அந்த லேசான ட்ரைபாட் முதல் ஆடியிலேயே வயல் வரப்பில் கேமராவோடு சாய்ந்தது. நல்லவேளை, சேற்றில் விழுந்ததால் கண்ணாடி தப்பியது.

இப்போது சில தாள்களில், உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் போய், அது இல்லாத மிரர்லெஸ் என்று வருகிறது. தொழில் அந்தப் பக்கம் போய்விட்டது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன், பணம் இருக்கிற வீட்டுப் பிள்ளை அதை வாங்கட்டும். ஆனால் மலிவு என்று பட்டியலில் வரும் சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரே கிடையாது. அவை பெரும்பாலும் வீடியோவுக்காகச் செய்தவை. பங்குனி மாத உச்சி வெயிலில் எங்கள் ஊர்ப் பொட்டலில் நின்று அந்தத் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்றும் தெரியாது. மறுபடியும் அதேதான்: பெட்டியைப் பார்த்து எழுதினால் இப்படி ஆகிறது.

ஆகவே நான் கேட்பது இது. தாளில் மாடல் பெயரை எழுதாதீர்கள், படிப்புக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். லென்ஸ் மாற்றக்கூடியதாக, ஷட்டரும் அப்பெர்ச்சரும் ஐஎஸ்ஓவும் கையால் வைக்கக்கூடியதாக, ரா கோப்பு, அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பு, தரக்கூடியதாக, துறையின் ட்ரிகர் வேலை செய்யக்கூடியதாக ஒரு கேமரா, பழையதும் ஏற்கப்படும். இதைத் தமிழிலும் எழுதுங்கள், மலையாளத்திலும் எழுதுங்கள், அம்மாக்கள் படிப்பார்கள்.

இதைவிட முக்கியமாக, முதல் நாளே கேமரா வேண்டும் என்பதை விட்டுவிடுங்கள். முதல் ஆறு வாரம் போன் போதும். போனில் அப்பெர்ச்சரை மாற்ற முடியாதுதான், ஆனால் ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் பல போன்களில் கையால் வைக்கலாம். சட்டகமும் வெளிச்சத்தின் திசையும் அதிலேயே படியும். அதற்குள் துறையின் அலமாரியில் பத்துப் பழைய கேமராக்கள் இருந்தால் நாலு பேருக்கு ஒன்றாகச் சுற்றில் விடலாம். ஆய்வகக் கட்டணம் ஆண்டுதோறும் எல்லாரிடமும் வாங்குகிறீர்கள். ஒரே ஒரு ஆண்டு அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் அலமாரி நிறையும். பழுதாகிற கேமராவுக்கு மாற்றாகவும் அந்த அலமாரி இருக்கும், உங்கள் இரண்டாவது கவலையும் தீரும். அந்த ஆறு வாரத்தில் தனக்கு எது பிடிக்கிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். முகம் எடுக்கப் பிடிக்கிறதா, வீடியோவா, பறவையா. என் வகுப்பில் இரண்டு பேர் முதல் ஆண்டிலேயே எடிட்டிங் பக்கம் போய்விட்டார்கள், அவர்கள் கேமராக்கள் அப்புறம் வெளியே வரவே இல்லை. அந்தப் பணம் கம்ப்யூட்டருக்குப் போயிருக்கலாம்.

டி90 வைத்திருந்த என் நண்பன் எழுதிக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல், மூன்றாம் பருவம் ஆன்லைனில் தொடங்கியபோது வரவில்லை. கேமரா மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், அந்த ஆண்டு எல்லா வீட்டிலும் பல கஷ்டம். ஆனால் அதுவும் ஒரு காரணம் என்று அவன் என்னிடம் சொன்னான். எங்கள் வகுப்பில் இரவுப் படம் அவனைப் போல எடுத்தவர் யாரும் இல்லை.

வரும் சேர்க்கைக்கான தாள் இன்னும் அச்சுக்குப் போயிருக்காது என்று நம்புகிறேன். உங்களில் யாராவது அந்த அலமாரியைத் தொடங்குவதாக இருந்தால் என் 200டி-யையும் 55-250 லென்ஸையும் கொண்டுவந்து வைக்கிறேன். கடன் 2022-இலேயே தீர்ந்தது, இரண்டும் ஃபங்கஸ் இல்லாமல் டப்பாவில் இருக்கின்றன. மாணவர்கள் வாங்கவிருக்கும் பழைய கேமராக்களைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன், பஸ் செலவுகூட வேண்டாம். 200டி-யின் வாரில் மட்டும் ஒரு சீட்டு கட்டித் தருவேன், துறையின் சாதாரண ட்ரிகர் இதில் எரியாது என்று எழுதி.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து உங்கள் பழைய மாணவி ஒருத்தி